சேமித்தது ஒன்று, கோப்பில் இருப்பது வேறொன்று: நிரல் எடிட்டரின் 'சேவ்' சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் வழி

ஒரே ஒரு வரியைத் திருத்திச் சேமிக்கிறீர்கள். நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவியான கிட், 400 வரிகள் மாறிவிட்டதாகக் காட்டுகிறது. இன்னொரு நாள், சேமித்தாயிற்று, ஆனால் நிரலை ஓட்டினால் பழைய மதிப்பே வருகிறது. மற்றொரு நாள் சேமிக்கவே இல்லை, அதற்குள் சர்வர் தானாக மறுபடி கிளம்பிப் பிழை காட்டுகிறது. புதிதாக நிரல் எழுத வருகிறவர்கள் இந்த மூன்றில் ஒன்றிலாவது சீக்கிரமே மாட்டிக்கொள்வார்கள். எடிட்டர் பழுதாகிவிட்டது என்று அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதில் பெரும்பாலும் பயனில்லை. அது சொன்னதைத்தான் செய்திருக்கும். சொன்னது யார் என்பதுதான் கேள்வி.

கண்ட்ரோல் + எஸ் அழுத்தும்போது நடப்பது ஒரே வேலை இல்லை. நினைவகத்தில் உள்ள உரையை எடிட்டர் எடுக்கிறது. 'சேமிக்கும்போது இதைச் செய்' என்று செட்டிங்ஸோ எக்ஸ்டென்ஷனோ சொல்லி வைத்ததையெல்லாம் அந்த உரைமேல் செய்கிறது. பிறகு எழுத்துகளை ஒரு என்கோடிங்கின்படி பைட்டுகளாக மாற்றுகிறது. கடைசியில் அந்தப் பைட்டுகளை டிஸ்கில் எழுதுகிறது. எழுதி முடித்ததும் அந்தக் கோப்பைக் கவனித்துக்கொண்டிருக்கும் மற்ற நிரல்கள் விழித்துக்கொள்கின்றன. எந்தப் படியில் கோளாறு என்று தெரிந்துவிட்டால், திருத்துவது அநேகமாக ஒரு வரி செட்டிங்தான்.

(கட்டளைகள், மெனுக்கள், செட்டிங் பெயர்கள் எல்லாம் இங்கே ஒலிப்பின்படி தமிழில் உள்ளன. கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.)

முதலில் எடிட்டருக்கு வெளியே போய்ப் பாருங்கள்

எடிட்டர் காட்டுவது நினைவகத்தில் இருப்பதை. டிஸ்கில் இருப்பதை அறிய வேறொரு நிரலின் கண்ணால் பார்க்க வேண்டும்.

1. கோப்பின் முழுப் பாதையைச் சரிபாருங்கள். விஎஸ் கோட்டில் டேப்பின்மேல் வலது கிளிக் செய்து 'காப்பி பாத்' கொடுத்தால் கிடைக்கும். இதை யாரும் முதலில் செய்வதில்லை. ஆனால் 'சேமித்தும் மாறவில்லை' என்ற புகார் பலமுறை இங்கேயே முடிந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும், அல்லது மூலக் கோப்புக்குப் பதிலாக 'டிஸ்ட்', 'பில்ட்' போன்ற ஃபோல்டரில் உள்ள நகலைத் திருத்தியிருப்பீர்கள். அடுத்த பில்டில் அது மேலெழுதப்பட்டுப் போய்விடும்.

2. அதே பாதையை டெர்மினலில் கொடுத்து உள்ளடக்கத்தைப் பாருங்கள். லினக்ஸ், மேக்கில் 'கேட்', விண்டோஸில் 'டைப்'. கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் கோப்பின் அளவையும் கவனியுங்கள்.

3. கிட் இருந்தால் 'கிட் டிஃப்' கொடுங்கள். பிறகு அதையே '-டபிள்யூ' (சிறிய எழுத்து) சேர்த்துக் கொடுங்கள். இந்த இரண்டாவது வடிவம் வெற்றிட வேறுபாடுகளை மறைத்துவிடும். 400 வரி வித்தியாசம் ஒரு வரியாகச் சுருங்கினால், சிக்கல் இடைவெளி, டேப் அல்லது வரி முடிவுக் குறியில் இருக்கிறது. சுருங்காவிட்டால், ஏதோ ஒரு ஃபார்மேட்டர் (நிரலின் அமைப்பைத் தானாகச் சீராக்கும் கருவி) உங்கள் நிரலை மாற்றி எழுதியிருக்கிறது.

4. எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லாமல் அதே கோப்பைச் சேமித்துப் பாருங்கள். விஎஸ் கோட்டில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (P) அழுத்தி 'ரீலோட் வித் எக்ஸ்டென்ஷன்ஸ் டிசேபிள்டு' கொடுக்கலாம். விம்மை '--கிளீன்' என்றும், ஈமாக்ஸை '-க்யூ' (பெரிய எழுத்து) என்றும் சேர்த்துத் தொடங்கலாம். சிக்கல் மறைந்தால் எடிட்டர்மேல் பழி இல்லை. நிறுவிய ஏதோ ஒன்றின்மேல்தான்.

எந்த எக்ஸ்டென்ஷன் என்று தெரியவில்லையென்றால் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டாம். விஎஸ் கோட்டில் 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்றொரு கட்டளை உண்டு. அது பாதியை அணைத்து 'இப்போது சரியா?' என்று கேட்கும், பிறகு மீதியில் பாதி, அப்படியே போய்க் குற்றவாளியிடம் நிறுத்தும். 32 எக்ஸ்டென்ஷன்கள் இருந்தாலும் 5 கேள்விகளுக்குள் வந்துவிடலாம்.

சேமித்தது போல இருக்கிறது, டிஸ்கில் இல்லை

இதற்கு மிகப் பொதுவான காரணம் 'ஹாட் எக்ஸிட்'. விஎஸ் கோட்டை மூடும்போது சேமிக்காத மாற்றங்கள் இருந்தாலும் அது கேட்காது. அவற்றைத் தன்னுடைய காப்பு இடத்தில் வைத்துக்கொண்டு, மறுபடி திறக்கும்போது அப்படியே எடுத்துக் காட்டும். திறந்தால் மாற்றம் கண்முன் இருக்கிறது. எனவே சேமித்துவிட்டோம் என்றே மனம் நம்பும். ஆனால் டிஸ்கில் பழைய கோப்புதான். டேப்பின் பெயருக்கு அருகே மூடும் குறிக்குப் பதிலாக ஒரு புள்ளி தெரிந்தால் அது இன்னும் சேமிக்கப்படவில்லை. மூடும்போது கேட்கவேண்டும் என்றால் 'ஃபைல்ஸ்.ஹாட்எக்ஸிட்' செட்டிங்கை 'ஆஃப்' ஆக்குங்கள். மறுபடி திறக்கும்போது சேமிக்காத உரை அப்படியே திரும்ப வரும் என்ற வசதியையும் அதோடு இழப்பீர்கள், ஆகவே புள்ளியைப் பார்க்கும் பழக்கமே மேல்.

நோட்பேட்++ இதையே இன்னும் சத்தமில்லாமல் செய்கிறது. இயல்பாகவே 7 வினாடிக்கு ஒருமுறை திறந்திருக்கும் உரையின் நகலைத் தன் காப்பு ஃபோல்டரில் எழுதிவைக்கும், மூடினாலும் கேட்காது. 'செட்டிங்ஸ்', 'பிரிஃபரன்ஸஸ்', 'பேக்கப்' என்று போனால் இந்த நொடிக் கணக்கையும் மாற்றலாம், முழுக்க அணைக்கவும் செய்யலாம். 'நியூ 1', 'நியூ 2' என்ற பெயரிலேயே மாதக்கணக்கில் குறிப்பு எழுதிவருகிறவர்கள், அவை எந்தக் கோப்பிலும் இல்லை என்பதைக் கணினி மாற்றும் அன்று அறிவார்கள்.

விம்மில் வேறொரு பொறி. கோலன், டபிள்யூ, பிறகு ஒரு புதிய பெயர் என்று கொடுத்தால் அந்தப் பெயரில் ஒரு நகல் எழுதப்படும். ஆனால் நீங்கள் தொடர்ந்து திருத்துவது பழைய கோப்பைத்தான். மற்ற எடிட்டர்களின் 'சேவ் ஆஸ்' போல நடக்க வேண்டுமென்றால் 'சேவ்ஆஸ்' என்ற தனிக் கட்டளை இருக்கிறது.

டெர்மினலில் விம்மோ வேறெதுவோ திறந்திருக்கும்போது பழக்க தோஷத்தில் கண்ட்ரோல் + எஸ் அழுத்தி, திரை உறைந்துபோனதா? எடிட்டர் சாகவில்லை. பல டெர்மினல்களில் அந்த விசைக்கு 'வெளியீட்டை நிறுத்து' என்று பொருள். கண்ட்ரோல் + க்யூ அழுத்தினால் மீண்டும் ஓடும். இந்தப் பழைய வழக்கமே வேண்டாம் என்றால் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் 'எஸ்டிடிஒய் -ஐஎக்ஸ்ஆன்' என்று ஒரு வரி சேருங்கள்.

அனுமதி இல்லாத கோப்பு என்றால் விஎஸ் கோட் 'ரீட்ரை ஆஸ் சூடோ' அல்லது விண்டோஸில் 'ரீட்ரை ஆஸ் அட்மின்' என்ற பொத்தானைக் காட்டும். விண்டோஸில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் பழைய 32 பிட் எடிட்டரால் எழுதினால் பிழையே வராமல், பயனரின் 'ஆப்டேட்டா', 'லோக்கல்', 'விர்ச்சுவல்ஸ்டோர்' ஃபோல்டருக்குள் நகல் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அந்த எடிட்டரில் திறந்தால் புதியது, மற்றவற்றில் பழையது என்ற விசித்திரம் அதனால்தான்.

சேமிக்கவில்லை, ஆனாலும் மாறிவிட்டது

தானியங்கிச் சேமிப்பு. விஎஸ் கோட்டில் 'ஃபைல்ஸ்.ஆட்டோசேவ்' என்பதற்கு நான்கு மதிப்புகள்: 'ஆஃப்', 'ஆஃப்டர்டிலே', அதாவது தட்டுவதை நிறுத்திச் சிறிது நேரத்தில், இயல்பு அளவு 1000 மில்லிவினாடி, 'ஆன்ஃபோகஸ்சேஞ்ச்', வேறு டேப்புக்கோ பலகைக்கோ தாவியதும், 'ஆன்விண்டோசேஞ்ச்', வேறு சாளரத்துக்குப் போனதும். கணினியில் நிறுவும் பதிப்பில் இயல்பு நிலை 'ஆஃப்'. பிரவுசரில் ஓடும் பதிப்பில் அது 'ஆஃப்டர்டிலே'. இரண்டையும் மாறிமாறிப் பயன்படுத்துகிறவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பே.

ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் தானியங்கிச் சேமிப்பை முழுதாக அணைக்கவே முடியாது. வேறு செயலிக்கு மாறினால், நிரலை ஓட்டினால், குறிப்பிட்ட நேரம் சும்மா இருந்தால் சேமித்துவிடும். சிலவற்றை 'சிஸ்டம் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஆட்டோசேவ்' பகுதியில் அணைக்கலாம். சேமிக்காத டேப்பில் நட்சத்திரக் குறி வரும்படி வைப்பதற்கும் ஒரு தேர்வு உண்டு. அந்த எடிட்டர்களுக்கு வருகிற புதியவர்கள் முதலில் அதைத்தான் இயக்க வேண்டும்.

தானியங்கிச் சேமிப்பும், கோப்பு மாறினால் மறுபடி ஓடும் சர்வரும் சேர்ந்தால், பாதி தட்டிய நிரல் ஒவ்வொரு வினாடியும் தொகுக்கப்பட்டுப் பிழை மழை பொழியும். அப்போது 'ஆன்ஃபோகஸ்சேஞ்ச்' நல்ல நடுவழி.

ஒரு நுட்பம் இருக்கிறது. விஎஸ் கோட்டில் 'ஆஃப்டர்டிலே' வைத்திருந்தால், தானாகச் சேமிக்கும்போது ஃபார்மேட் ஆகாது. நீங்களே கண்ட்ரோல் + எஸ் அழுத்தினால்தான் ஆகும். எனவே மூன்று நாள் ஒன்றும் ஆகாமல் இருந்த கோப்பு, நான்காம் நாள் கைப்பழக்கத்தில் அழுத்திய ஒரு சேமிப்பில் தலைகீழாக மாறும். 'நேற்றுவரை சரியாகத்தான் இருந்தது' என்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான்.

ஒரு வரி திருத்தினால் கோப்பு முழுவதும் மாறுகிறது

இதுதான் புதியவர்களுக்கு அதிக அவமானம் தருவது, ஏனென்றால் மற்றவர்கள் பார்வைக்குப் போகும் மாற்றத்தில் அது அப்படியே தெரியும். காரணம் நான்கில் ஒன்று: ஃபார்மேட்டர், வரிக்கடை வெற்றிடத்தை நீக்குதல், கோப்பின் கடைசி வரிமுடிவு, வரிமுடிவுக் குறியின் வகை.

ஃபார்மேட்டர் என்றால் 'எடிட்டர்.ஃபார்மேட்ஆன்சேவ்' இயங்குகிறதா என்று பாருங்கள். விஎஸ் கோட்டில் இயல்பாக அது இயங்காது. ஆனால் கோ மொழிக்கான எக்ஸ்டென்ஷனை நிறுவினால் அந்த மொழிக்கு மட்டும் அதுவே இயக்கிவிடும், பயன்படாத இம்போர்ட் வரிகளையும் நீக்கிவிடும். 'இப்போதுதான் எழுதினேன், சேமித்ததும் காணாமல் போகிறது' என்று இம்போர்ட் வரியைப் பற்றிப் புலம்பல் வந்தால் இதுவே. முதலில் அதைப் பயன்படுத்தும் வரியை எழுதுங்கள், பிறகு சேமியுங்கள். மற்ற மொழிகளில் இதே வேலையைச் செய்வது 'எடிட்டர்.கோட்ஆக்ஷன்ஸ்ஆன்சேவ்'.

செட்டிங்கை அணைத்தும் நிற்கவில்லை என்றால் அது வேறெங்கிருந்தோ வருகிறது. விஎஸ் கோட்டில் பயனர் செட்டிங்கை விடத் திட்ட ஃபோல்டரின் செட்டிங்ஸ் (புள்ளி விஎஸ்கோட் ஃபோல்டருக்குள் இருக்கும் செட்டிங்ஸ் கோப்பு) வலியது. அதை எல்லோரும் அறிவார்கள். அறியாதது இது: ஒரு மொழிக்கென்று எழுதிய செட்டிங், மொழி குறிப்பிடாத செட்டிங்கை எப்போதும் வெல்லும், பின்னது திட்ட ஃபோல்டரில் இருந்தாலும்கூட. திட்டத்தில் 'ஃபார்மேட்ஆன்சேவ்' அணைத்திருக்கிறது, ஆனால் உங்கள் பயனர் செட்டிங்கில் பைத்தானுக்கென்று இயக்கியிருக்கிறீர்கள் என்றால், பைத்தான் கோப்பு ஃபார்மேட் ஆகத்தான் செய்யும். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் '@மாடிஃபைடு' என்று தட்டினால் இயல்பிலிருந்து மாற்றப்பட்டவை மட்டும் வரும். பட்டியல் சிறிது, காரணம் சீக்கிரம் கிடைக்கும்.

இவற்றுக்கு அப்பால், இடைவெளி, வரிமுடிவு போன்ற விதிகளை எல்லா எடிட்டர்களுக்கும் பொதுவாகச் சொல்லும் '.எடிட்டர்கான்ஃபிக்' என்ற கோப்பு. கோப்பு இருக்கும் ஃபோல்டரிலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறி எடிட்டர் இதைத் தேடும்; 'ரூட் = ட்ரூ' என்ற வரி வந்தால்தான் தேடல் நிற்கும். அந்த வரி இல்லாவிட்டால், எப்போதோ உங்கள் முகப்பு ஃபோல்டரில் போட்டு மறந்த ஒன்று எல்லாத் திட்டங்களையும் ஆளும். ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் இதற்கு ஆதரவு உள்ளேயே இருக்கிறது. நியோவிம்மில் 0.9 பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. விஎஸ் கோட்டுக்குத் தனி எக்ஸ்டென்ஷன் வேண்டும். ஒரே குழுவில் ஒருவர் சேமித்தால் ஒரு மாதிரி, இன்னொருவர் சேமித்தால் வேறு மாதிரி ஆவது இதனால்தான்.

இப்போதைக்கு ஃபார்மேட் வேண்டாம், இந்த ஒரு திருத்தம் மட்டும் போக வேண்டும் என்றால்: 'சேவ் விதவுட் ஃபார்மேட்டிங்' என்ற கட்டளை விஎஸ் கோட்டில் உண்டு. ஏற்கெனவே ஃபார்மேட் ஆகிவிட்டதா? கண்ட்ரோல் + இசட் ஒருமுறை அழுத்துங்கள், ஃபார்மேட் செய்தது மட்டும் பின்வாங்கும். பிறகு அந்தக் கட்டளையால் சேமியுங்கள். கோப்பை மூடித் திறந்துவிட்டீர்கள் என்றால் 'கிட் ஆட் -பி' (p, சிறிய எழுத்து) கொடுத்து உங்களுடைய பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

வெற்றிடமும் வரிமுடிவும்

வரிக்கடை வெற்றிடத்தை நீக்குவது தீங்கில்லாத வேலை போலத் தோன்றும். மார்க்டவுனில் அப்படியில்லை: வரியின் முடிவில் இரண்டு இடைவெளி இருந்தால் அங்கே வரி உடைய வேண்டும் என்று பொருள். நீக்கினால் கவிதை உரைநடையாகிவிடும். டிஃப் கோப்புகளிலும் பல வரி சரங்களிலும் இதே ஆபத்து. எனவே '.எடிட்டர்கான்ஃபிக்' கோப்பில் 'ட்ரிம்_ட்ரெய்லிங்_வைட்ஸ்பேஸ்' இயக்கும்போதே மார்க்டவுன், டிஃப் கோப்புகளுக்கு விலக்கு எழுதிவிடுங்கள். ஜெட்பிரெய்ன்ஸில் 'மாடிஃபைடு லைன்ஸ்' என்றொரு தேர்வு இருக்கிறது, நீங்கள் தொட்ட வரிகளில் மட்டும் நீக்கும். பழைய திட்டங்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

கோப்பின் கடைசி வரிக்குப் பின் வரிமுடிவு இல்லையென்றால் கிட் 'நோ நியூலைன் அட் எண்ட் ஆஃப் ஃபைல்' என்று சொல்லும். விம் சேமிக்கும்போது இயல்பாகவே அதைச் சேர்த்துவிடும். விஎஸ் கோட் சொன்னால்தான் சேர்க்கும். இருவரும் மாறிமாறித் திருத்தினால் கடைசி வரி ஒவ்வொரு கமிட்டிலும் (கிட்டில் இடும் பதிவிலும்) ஆடிக்கொண்டிருக்கும். சேர்க்கும் பக்கம் முடிவெடுங்கள். சேர்க்கவே கூடாத கோப்பு எப்போதாவது வந்தால் விம்மில் 'நோஃபிக்ஸ்எண்ட்ஆஃப்லைன்' வையுங்கள்.

வரிமுடிவின் வகைதான் பெரிய தலைவலி. லினக்ஸ், மேக்கில் வரி முடிந்தால் ஒரு பைட்: 10. அதுதான் எல்எஃப். விண்டோஸ் மரபில் இரண்டு: 13, பிறகு 10, சிஆர்எல்எஃப். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு வகையிலிருந்து மற்றதற்கு மாறினால் ஒவ்வொரு வரியும் மாறியதாகக் கணக்கு. ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் முதல் வரியிலேயே 'பேட் இன்டர்பிரட்டர்' என்ற பிழை வரும். ஓட்டவேண்டிய நிரலின் பெயரோடு 13 என்ற அந்தப் பைட்டும் ஒட்டிக்கொண்டதுதான் காரணம்.

விஎஸ் கோட்டின் கீழ்ப் பட்டையில் வலப்பக்கம் எந்த வகை என்று எழுதியிருக்கும். கிளிக் செய்து மாற்றிச் சேமிக்கலாம். ஆனால் ஒரு கோப்பில் இரண்டு வகையும் கலந்திருந்தால் விஎஸ் கோட் திறக்கும்போதே எது அதிகமோ அதற்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளும். நீங்கள் தொடாத வரிகள் சேமித்ததும் மாறும். விம் அப்படிச் செய்யாது. கலந்த கோப்பில் கூடுதலாக ஒட்டியிருக்கும் 13 என்ற பைட்டை வரிமுடிவில் '^எம்' என்று காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் விம்மில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

நிலையான தீர்வு ஒவ்வொருவர் எடிட்டரிலும் இல்லை, களஞ்சியத்தில் இருக்கிறது:

1. திட்டத்தின் மேல் ஃபோல்டரில் '.கிட்ஆட்ரிபியூட்ஸ்' என்ற கோப்பை உருவாக்கி '* டெக்ஸ்ட்=ஆட்டோ இஓஎல்=எல்எஃப்' என்று ஒரு வரி எழுதுங்கள். விண்டோஸின் '.பேட்' ஸ்கிரிப்ட்கள் இருந்தால் அந்த வகைக்கு மட்டும் 'இஓஎல்=சிஆர்எல்எஃப்' என்று அடுத்த வரி.
2. கையில் வேறு மாற்றம் எதுவும் இல்லாத நிலையில் 'கிட் ஆட் --ரீநார்மலைஸ் .' கொடுங்கள்.
3. அதைத் தனிக் கமிட்டாக இடுங்கள். வேறு எந்தத் திருத்தமும் இதோடு சேரக்கூடாது.
4. ஒவ்வொரு கோப்பும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --இஓஎல்' காட்டும்.

'கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்' என்ற செட்டிங்கைப் பற்றி எல்லோரும் ஆளுக்கொரு அறிவுரை சொல்வார்கள். அது ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக இருப்பது, அதனால் குழுவைக் கட்டுப்படுத்தாது. மேலே சொன்ன கோப்பு இருந்தால் அதுவே முந்தும்.

எழுத்துகள் குப்பையானால், உடனே சேமிக்காதீர்கள்

தமிழில் குறிப்புரையோ செய்தியோ எழுதும் நிரலர்களுக்கு இந்தப் பகுதி முக்கியம். யூடிஎஃப்-8 என்கோடிங்கில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறியீடுகள். ஆக 15 பைட். எடிட்டர் அந்தக் கோப்பை விண்டோஸ்-1252 என்று தவறாக எண்ணித் திறந்தால் ஒவ்வொரு பைட்டையும் ஒரு எழுத்தாகக் காட்டும். மீண்டும் மீண்டும் ® குறியும், மேலே கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் வரிசையாகத் தெரிந்தால், உள்ளே இருப்பது நல்ல தமிழ். காட்டும் விதம்தான் தவறு. விஎஸ் கோட்டின் கீழ்ப் பட்டையில் என்கோடிங் பெயரைக் கிளிக் செய்து 'ரீஓப்பன் வித் என்கோடிங்' கொடுத்து யூடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'சேவ் வித் என்கோடிங்' என்பதைத் தொட்டுவிடாதீர்கள். அது குப்பையை அப்படியே குப்பையாகப் பதிவு செய்யும்.

குப்பையை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துவிட்டாலும் பெரும்பாலும் மீட்கலாம், வேலை அதிகம். கேள்விக்குறிகளாக மாறிவிட்டால் மீட்க வழியில்லை. தமிழ் எழுத்தே இல்லாத என்கோடிங்கில் சேமித்ததால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே கேள்விக்குறி எழுதப்பட்டிருக்கும், எது எந்த எழுத்து என்ற தகவலே டிஸ்கில் இல்லை. கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் இன்னும் காலம் இருக்கிறது: அது யூடிஎஃப்-8 அல்லாத கோப்பை யூடிஎஃப்-8 எனத் திறந்ததன் அடையாளம். சேமிக்காமல் மூடிவிட்டுச் சரியான என்கோடிங்கில் திறங்கள்.

பிஓஎம் என்பது கோப்பின் தொடக்கத்தில் ஒட்டப்படும் கண்ணுக்குத் தெரியாத 3 பைட். ஷெல் ஸ்கிரிப்ட்டின் முதல் வரி இதனால் பயனற்றுப்போகும். பிஎச்பியில் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' பிழை வரும். ஜேசன் கோப்பைப் பல நிரல்கள் படிக்க மறுக்கும். ஆகவே 'பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8' என்பதே பொது விதி. ஒரு விலக்கு: விண்டோஸ் பவர்ஷெல் 5.1 ஓட்டும் ஸ்கிரிப்ட்டில் தமிழ் எழுத்து இருந்தால் பிஓஎம் வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய விண்டோஸ் என்கோடிங்கில் படிக்கும்.

டிஸ்கில் எழுதும் விதம்: இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்

எடிட்டர் கோப்பை எழுத இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இருக்கும் கோப்பைக் காலி செய்து அதன் மேலேயே எழுதுவது. எளிது, ஆனால் நடுவில் மின்சாரம் போனாலோ டிஸ்க் நிறைந்தாலோ பாதிக் கோப்பு அல்லது 0 பைட் கோப்பு மிஞ்சும். இன்னொன்று, வேறொரு தற்காலிகப் பெயரில் முழுவதையும் எழுதி முடித்து, பிறகு அதைப் பழைய பெயருக்கு மாற்றுவது. பத்திரமானது, ஆனால் இப்போது அந்தப் பெயரில் இருப்பது புதிய கோப்பு. பெயர் பழையது, ஆள் புதியவர்.

கோப்பு முறைமை ஒரு கோப்பைப் பெயரால் அல்ல, ஐநோட் என்ற எண்ணால் அறிகிறது. பெயர் மாற்றி எழுதினால் அந்த எண் மாறுகிறது. பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பவை பழைய கோப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். விளைவுகள்:

டாக்கர் கண்டெய்னருக்குள் (நிரலைத் தனியாக ஒதுக்கி ஓட்டும் சூழலுக்குள்) ஒரு தனிக் கோப்பை மட்டும் வெளியிலிருந்து இணைத்திருந்தால், அதாவது மவுண்ட் செய்திருந்தால், வெளியே திருத்திச் சேமித்த பிறகும் உள்ளே பழைய உள்ளடக்கமே தெரியும். 'டெய்ல் -எஃப்' (சிறிய எழுத்து) புதிய வரிகளைக் காட்டாமல் நின்றுவிடும். பெரிய எழுத்து எஃப் போட்டால் அது பெயரைப் பின்தொடரும், சிக்கல் இல்லை. ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) அறுந்துபோகலாம், கோப்பின் உரிமையாளர் மாறலாம்.

உங்கள் எடிட்டர் எந்த வழி என்பதைச் சோதிப்பது எளிது. டெர்மினலில் 'எல்எஸ் -ஐ' கொடுத்து கோப்பின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எடிட்டரில் ஒரு எழுத்தைச் சேர்த்துச் சேமியுங்கள். மறுபடி அதே கட்டளை. எண் மாறியிருந்தால் அது பெயர் மாற்றும் வகை.

மாற்றுவதற்கு: விம்மில் 'பேக்கப்காப்பி' என்பதை 'எஸ்' (ஆம் என்ற ஆங்கிலச் சொல்) ஆக்குங்கள். இயல்பு மதிப்பான 'ஆட்டோ', லிங்க்குகளைக் கண்டுபிடித்து விலகிக்கொள்ளும். ஆனால் டாக்கர் மவுண்ட் அதன் கண்ணில் படாது. ஈமாக்ஸில் 'பேக்கப்-பை-காப்பியிங்' என்பதை இயக்குங்கள். ஜெட்பிரெய்ன்ஸில் 'பேக் அப் ஃபைல்ஸ் பிஃபோர் சேவிங்' (பழைய பதிப்புகளில் 'யூஸ் சேஃப் ரைட்') தேர்வை எடுத்துவிடுங்கள். விஎஸ் கோட் பொதுவாக இருக்கும் கோப்பின் மேலேயே எழுதுவதால் அங்கே இந்தச் சிக்கல் அரிது. டாக்கர் பக்கம் சரிசெய்வது என்றால், கோப்புக்குப் பதிலாக அது இருக்கும் ஃபோல்டரை மவுண்ட் செய்யுங்கள். எந்த எடிட்டர் வந்தாலும் தாங்கும். 'செட் -ஐ' கட்டளையும் பெயர் மாற்றும் வகையே என்பதை நினைவில் வையுங்கள். எடிட்டரை எவ்வளவு சரிசெய்தாலும் ஒரு ஸ்கிரிப்ட் அதைக் கலைத்துவிடும்.

எங்கிருந்தோ முளைக்கும் கோப்புகள்

பெயரின் முடிவில் ~ இருந்தால் அது ஈமாக்ஸோ விம்மோ எடுத்துவைத்த, கோப்பின் முந்தைய நிலையின் நகல். # குறிகளுக்கு நடுவே பெயர் இருந்தால் ஈமாக்ஸ் இடையிடையே எழுதும் காப்பு. இயல்பாக 300 விசைகளுக்கு ஒருமுறை, அல்லது 30 வினாடி சும்மா இருந்தால். '.எஸ்டபிள்யூபி' என்று முடிந்தால் விம்மின் ஸ்வாப், அதாவது சேமிக்காத மாற்றங்களை வைக்கும் தற்காலிகக் கோப்பு. '.#' என்று தொடங்குவது ஈமாக்ஸின் பூட்டு. அது எந்தக் கோப்பையும் சுட்டாத ஒரு சிம்லிங்க் என்பதால் சில பில்ட் கருவிகள் அதைப் படிக்கப்போய்த் தடுக்கி விழும். 'கிரியேட்-லாக்ஃபைல்ஸ்' என்பதை அணைத்தால் நின்றுவிடும். கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியில் 4913 என்ற பெயர் ஒரு கணம் தோன்றி மறைந்தால் பயப்பட வேண்டாம். அந்த ஃபோல்டரில் எழுத முடிகிறதா என்று விம் தொட்டுப் பார்த்த தடயம் அது.

இவற்றைத் திட்டத்தின் கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக்கூடாத கோப்புகளின் பட்டியலில்) சேர்ப்பதைவிட, உங்கள் கணினிக்கான பொது இக்னோர் கோப்பில் ('கோர்.எக்ஸ்க்ளூட்ஸ்ஃபைல்') சேர்ப்பது நாகரிகம். இணைய சர்வரிலேயே நேரடியாகத் திருத்தும் பழக்கம் இருந்தால் மட்டும் இதைச் சிறிய விஷயமாக எண்ணாதீர்கள்: பிஎச்பி அமைப்புக் கோப்பின் ~ நகலை, சர்வர் ஓட்டாமல் வெறும் உரையாக எல்லோருக்கும் காட்டக்கூடும், கடவுச்சொல்லோடு சேர்த்து.

இருவர் ஒரே கோப்பில்

'டிஸ்கில் உள்ள கோப்பு புதியது' என்ற பொருளில் விஎஸ் கோட் எச்சரித்தால் 'ஓவர்ரைட்' அழுத்தும் முன் 'கம்பேர்' அழுத்துங்கள். கிட் கிளை மாறியிருக்கலாம், ஃபார்மேட்டர் வெளியிலிருந்து ஓடியிருக்கலாம், மேகச் சேமிப்பு வேறு கணினியின் பதிப்பை இறக்கியிருக்கலாம். சேமிக்காத டேப்கள் இருக்கும்போது கிளை மாறாமல் இருந்தாலே இதில் பெரும்பகுதி வராது.

விம் '325' எண்ணிட்ட எச்சரிக்கையைக் காட்டினால் அந்தக் கோப்பின் ஸ்வாப் இருக்கிறது என்று பொருள். செய்தியை முழுதாகப் படியுங்கள். 'ஸ்டில் ரன்னிங்' என்று இருந்தால் வேறொரு டெர்மினலில் அதே கோப்பு திறந்திருக்கிறது. 'க்யூ' அழுத்தி வெளியேறி அங்கே போங்கள். இல்லையென்றால் 'ஆர்' அழுத்தி மீட்டு, வேறு பெயரில் எழுதி, அசலோடு டிஃப் பாருங்கள். மீட்டது சரி என்று உறுதியான பிறகே ஸ்வாபை அழியுங்கள். அழிக்காவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இதே கேள்வி வரும்.

ஏற்கெனவே சேமித்து, பழையது போய்விட்டதென்றால்

கிட்டில் இடாத மாற்றத்தைக் கிட்டால் திருப்பித் தர முடியாது. எடிட்டரிடம் கேளுங்கள். விஎஸ் கோட் 1.66 பதிப்பிலிருந்து (2022 மார்ச்) ஒவ்வொரு சேமிப்பின் நகலையும் வைத்துக்கொள்கிறது. எக்ஸ்ப்ளோரர் பலகையின் அடியில் 'டைம்லைன்' என்பதைத் திறந்தால் நேரவாரியாக வரும். இயல்பாக ஒரு கோப்புக்கு 50 நகல்கள், 256 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு இல்லை. ஜெட்பிரெய்ன்ஸில் கோப்பின்மேல் வலது கிளிக் செய்து 'லோக்கல் ஹிஸ்டரி'; இயல்பாக 5 வேலை நாட்கள் வைத்திருக்கும். ஈமாக்ஸில் பெயரின் முடிவில் ~ உள்ள நகலைத் திறந்து பாருங்கள். விம்மில் 'அண்டூஃபைல்' முன்கூட்டியே இயக்கியிருந்தால் கோப்பை மூடித் திறந்த பிறகும் பின்வாங்கலாம். அது இயல்பில் அணைந்தே இருக்கிறது, ஆகவே இன்றே இயக்கி வையுங்கள்.